சருகு வாசலைத் தாண்டலாமா? கடக்வாஸ்லா குடியிருப்புச் சங்கங்களும் மரக்கழிவும்

புனே நகரிலிருந்து சின்ஹகட் கோட்டைக்குப் போகும் சாலை கடக்வாஸ்லா அணையை ஒட்டிச் செல்கிறது. முட்டா ஆற்றின் குறுக்கே 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்த அணையின் தண்ணீரைத்தான் நகரம் இன்றும் குடிக்கிறது. ஏரியின் ஒரு பக்கம் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் மரம் அடர்ந்த வளாகம். இன்னொரு பக்கம் 1916இல் தோன்றிய மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம். இவற்றைச் சுற்றி வயலும் குன்றுமாக இருந்த ஊர்களில் இப்போது அடுக்குமாடிகள் நிறைந்துவிட்டன. கடக்வாஸ்லா, கிர்கட்வாடி, நாந்தேட், நர்ஹே உள்ளிட்ட 23 ஊர்கள் 2021 ஜூன் 30 அன்று புனே மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. வேலைக்காக வந்து இங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் புனேயின் எல்லாப் பகுதிகளிலும் உண்டு. சங்கக் கமிட்டியில் பொறுப்பேற்றவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

அந்தக் கமிட்டிகளின் முன் ஆண்டுதோறும் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. தை பிறந்ததிலிருந்து வைகாசி வரை வளாகத்து மரங்கள் கொட்டும் இலையை என்ன செய்வது? மழைக்காலத்தில் முறிந்து விழும் கிளையை எங்கே கொண்டு போடுவது? பார்வைக்குச் சின்னப் பிரச்சினைதான். ஆனால் காற்றின் தரம், தண்ணீர்ச் செலவு, மண்ணின் வளம், துப்புரவுத் தொழிலாளியின் உடல்நலம், சங்கத்தின் வரவுசெலவு ஆகிய ஐந்தும் இதற்குள் பின்னிக் கிடக்கின்றன. இந்தக் கட்டுரை அந்த இழைகளைத் தனித்தனியே பார்த்து ஒரு முடிவுக்கு வர முயல்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வளாகத்தில் உதிர்ந்த இலை வளாகத்தின் வாசலைத் தாண்டத் தேவையில்லை. அது தாண்டுவதற்குக் காரணம் இடப் பற்றாக்குறையோ அறிவியல் தடையோ அன்று; நாம் எழுதிக் கையெழுத்திடும் பராமரிப்பு ஒப்பந்தம்தான்.

எது, எப்போது உதிர்கிறது

புனேயில் பருவமழை அக்டோபரில் ஓய்கிறது. அதன்பின் அடுத்த ஜூன் வரை பெரிதாக மழையில்லை. இந்த நீண்ட வறட்சியைத் தாங்கவே இப்பகுதி மரங்கள் இலையை உதிர்க்கின்றன. இலை இருந்தால் அதன் வழியே நீர் ஆவியாகும். வேர் உறிஞ்சித் தரும் நீர் போதாதபோது இலையைக் கைவிடுவதே மரத்துக்குப் பிழைப்பு. ஆகவே இலையுதிர்வு இங்கே குளிரின் விளைவன்று, வறட்சியின் விளைவு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பராமரிப்பின் பாதிச் சிக்கல் தெளிந்துவிடும். மண் காய்ந்து கிடக்கும் நாள்களில்தான் அதை மூடிக் காக்கும் பொருளையும் மரம் கீழே போடுகிறது.

குளிர்காலத்தில் இலவமும் தேக்கும் முதலில் வெறுமையாகின்றன. தையிலும் மாசியிலும் குல்மொகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி ஆகியவை சிற்றிலைகளைக் கொட்டுகின்றன. பொடிப்பொடியான இந்த இலைகள் கூட்டுவதற்குச் சிரமம் தருபவை. மக்குவதற்கு மிக எளியவை. மாசி, பங்குனியில் அரசமரம் சில நாள்களிலேயே இலை முழுவதையும் உதிர்த்து மறுபடி தளிர்க்கிறது. சுவரோரம் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கமும் அந்தச் சமயத்தில் பழைய இலையைத் தள்ளுகிறது. கோடையில் குல்மொகரின் செவ்விதழும் இயல்வாகையின் மஞ்சள் பூவும் நடைபாதையை மூடும். கூடவே கடினமான காய்களும் விழும். மராத்தியில் 'வளீவ்' எனப்படும் கோடை மழை இடியும் சூறைக்காற்றுமாக வரும்போது பசுங்கிளைகள் முறிகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஊறிப்போன மண்ணில் வேர் பிடியிழந்து மரமே சாயலாம். மழை ஓய்ந்தபின் இடுப்பளவு வளர்ந்த புல்லை அறுக்க வேண்டும்; அறுக்காமல் விட்டால் மார்கழியில் அது காய்ந்து தீக்கு இரையாகக் காத்திருக்கும்.

ஆக, மரக்கழிவு என்பது ஒரே பொருளன்று. காய்ந்த மெல்லிலை, தேக்கிலை போன்ற தடித்த இலை, பூவும் காயும், பச்சைப் புல், சுள்ளி, பெருங்கிளை என்று அது பல வகை. ஒவ்வொன்றுக்கும் பருவம் வேறு, கையாளும் முறை வேறு. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி ஒரே வண்டியில் ஏற்ற நினைப்பதிலிருந்து குழப்பம் தொடங்குகிறது.

நெருப்பு வைக்கும் பழக்கம்

சருகைக் கொளுத்துவது இப்பகுதிக்குப் புதிதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவள், முள்ஷி பகுதிகளிலும் கொங்கணத்திலும் நெல் நாற்றங்காலுக்கு 'ராப்' என்ற முறை வழங்கிவந்தது. சாணம், தழை, சருகு ஆகியவற்றை நாற்றுவிடும் மண்ணின் மேல் பரப்பி, மழைக்கு முன் எரிப்பார்கள். களைவிதை சாகும், சாம்பல் உரமாகும் என்பது கணக்கு. மலைச்சரிவுப் புல்லுக்குத் தீ வைத்தால் மறு ஆண்டு புல் நன்றாக வரும் என்ற நம்பிக்கையும் உண்டு. கோடையில் குன்றுகளில் பரவும் 'வணவா' எனும் காட்டுத்தீக்கு அதுவும் ஒரு காரணம்.

நகரத்து வளாகத்தில் இந்த நியாயங்கள் எதுவும் பொருந்தாது. இங்கே நாற்றங்கால் இல்லை, சாம்பலை வாங்கிக்கொள்ள வயலும் இல்லை. இருந்தும் எரிகிறது. துப்புரவாளர் விடியற்காலையில் கூட்டிக் குவிக்கிறார். ஒன்பது மணிக்குள் தரை துடைத்தாற்போல் இருக்க வேண்டும் என்பது மேற்பார்வையாளர் கட்டளை. குவியலை எடுத்துச் செல்ல வண்டி வருவதில்லை. நாளைக்கு இதே அளவு மறுபடி விழும். அவர் கையில் இருக்கும் ஒரே வழி தீப்பெட்டி. குளிர்கால இரவுகளில் காவலாளிகள் குளிர் காய்வதற்கும் இதே சருகு பயன்படுகிறது. தீ வைத்தவரைக் குற்றம் சொல்லுமுன், அவருக்கு வேறு என்ன வழி கொடுத்தோம் என்று சங்கம் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எரிப்பதன் விளைவு மூவகைப்படும். முதலாவது புகை. பாதி ஈரமான இலைக் குவியல் சுடர்விட்டு எரியாது. மணிக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். குறைந்த வெப்பத்தில் அரைகுறையாக எரியும்போதுதான் கார்பன் மோனாக்சைடும், நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகளும், புற்றுநோயோடு தொடர்புடைய பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் மிகுதியாக வெளிப்படுகின்றன. மாடிக் கட்டடங்களுக்கு நடுவே குளிர்காலக் காலையில் இந்தப் புகை மேலெழாமல் தங்கிவிடும். முதலில் பாதிக்கப்படுபவர் அதன் பக்கத்தில் நிற்கும் தொழிலாளி. அடுத்து ஆஸ்துமா உள்ள குழந்தையும் முதியவரும்.

இரண்டாவது, சத்து இழப்பு. சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாசியமும் எஞ்சும் என்பது உண்மையே. ஆனால் இலையிலுள்ள கரிமமும் நைட்ரஜனும் காற்றோடு போய்விடுகின்றன. நீரைப் பிடித்துவைக்கும் மக்குப்பொருளாக மாறியிருக்க வேண்டியது அந்தக் கரிமம்தான். மூன்றாவது, மரத்துக்கே கேடு. குவியலைப் பெரும்பாலும் மரத்தடியில்தான் எரிக்கிறார்கள். அடிப்பட்டை வெந்தால், அதன் உட்புறம் இலையில் செய்த உணவை வேருக்குக் கொண்டுசெல்லும் திசு சாகிறது. ஆண்டுக்காண்டு சுடப்பட்ட மரம் உள்ளே உளுத்து ஒரு மழைநாளில் விழும். அதைக் காற்றின் மேல் பழிபோட்டுக் கடந்துவிடுகிறோம்.

சட்டம் எங்கே நிற்கிறது

சருகு எரிப்பு தடைசெய்யப்பட்டது அண்மையில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு நகராட்சித் திடக்கழிவு விதிகளே, குப்பையையும் உலர்ந்த இலையையும் எரிக்கக் கூடாது என்று பெயர் குறிப்பிட்டுச் சொல்லிவிட்டன. அந்த விதிகளின் பின்னணியில் இருந்தது அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு. 2016 ஏப்ரல் 8 அன்று வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதை இன்னும் விரித்தன. தோட்டக்கழிவைத் தன் வளாகத்திலேயே தனியாக வைத்து, உள்ளாட்சி அமைப்பின் வழிகாட்டுதல்படி அகற்றுவது அதை உண்டாக்குபவரின் கடமை என்றன. தெருவிலோ பொது இடத்திலோ நீர்நிலையிலோ எறிவதையும் எரிப்பதையும் புதைப்பதையும் தடுத்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சுற்றுச்சுவர்க் குடியிருப்புகள் மக்கும் கழிவை இயன்றவரை உள்ளேயே பதப்படுத்த வேண்டும் என்றும் கூறின. அதன்பின் வந்த விதிமாற்றங்கள் பெரிய வளாகங்களின் பொறுப்பைக் கூட்டினவே தவிரக் குறைக்கவில்லை.

அதே வழக்கு பின்னர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மாற்றப்பட்டது. 2016 டிசம்பர் 22 அன்று தீர்ப்பாயம் திறந்தவெளியில் கழிவை எரிப்பதை நாடு முழுவதும் தடைசெய்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தண்டத்தொகையையும் விதித்தது. ஆகச் சட்டத்தில் ஓட்டை இல்லை. சட்டத்துக்கும் துடைப்பத்துக்கும் இடையே ஆள் இல்லை என்பதே குறை. எரிக்காதே என்ற ஆணை தொழிலாளியின் காதுக்குப் போகிறது. எரிக்காமல் என்ன செய்வது என்ற ஏற்பாடு அவரிடம் போய்ச் சேர்வதில்லை.

மரத்தைத் தொடுவதற்கும் சட்டம் உண்டு. மகாராஷ்டிரத்தின் நகர்ப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1975ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. 2021இல் திருத்தப்பட்டு, 50 ஆண்டும் அதற்கு மேலும் வயதான மரங்களுக்குப் 'பாரம்பரிய மரம்' என்ற தனித் தகுதி கிடைத்தது. மரத்தை வெட்டுவது என்பதற்குள் எரிப்பதும் வேறு வகையில் சேதப்படுத்துவதும் அடங்கும் என்று அந்தச் சட்டம் விளக்குகிறது. இலைத் தொல்லை தாங்கவில்லை என்று சங்கம் தன் விருப்பப்படி மரத்தை மொட்டையடிக்க முடியாது. மாநகராட்சியின் மர ஆணையத்திடம் அனுமதி வாங்க வேண்டும்.

சருகுக்குள் நடப்பது

உதிரும் முன் மரம் இலையிலுள்ள நைட்ரஜனில் ஏறக்குறையப் பாதியைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதனால் சருகில் கரிமம் மிகுதி, நைட்ரஜன் குறைவு. காய்ந்த இலையில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 40 முதல் 80 பங்கு வரை கரிமம் இருக்கும். நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்ய 25 முதல் 30 பங்கு போதும். சமையலறைக் கழிவில் நிலைமை தலைகீழ்: நைட்ரஜனும் ஈரமும் அதிகம், கரிமம் குறைவு. தனியாக வைத்தால் அது அழுகி நாறும். சருகு தனியாகக் கிடந்தால் மாதக்கணக்கில் அசையாது. இரண்டையும் அடுக்கி வைத்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். மாநகராட்சியின் வற்புறுத்தலால் ஈரக்கழிவுக்கு உரக்கூடம் கட்டிய பல சங்கங்கள், அது நாறுகிறது என்று மூடிவைக்கின்றன அல்லது மரத்தூளை விலைக்கு வாங்கிக் கொட்டுகின்றன. அதே வளாகத்தின் மறுமூலையில் சருகு புகைந்துகொண்டிருக்கிறது. இந்த முரண்பாடு ஒன்றைத் தீர்த்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

சருகை மட்டும் மக்கவைப்பதற்கும் எளிய வழி உண்டு. நான்கு குச்சி நட்டுச் சுற்றிக் கம்பிவலை கட்டிய கூண்டில் இலையை மிதித்து நிரப்பி, பிழிந்த துணியளவு ஈரம் இருக்கும்படி நீர் தெளித்து, சாணிக்கரைசலோ புளித்த மோரோ பழைய மக்கோ கலந்துவிட்டால் போதும். மெல்லிலை ஒரு பருவத்துக்குள் மக்கும். தேக்கிலைபோல் தடித்ததும் நெட்டிலிங்கம்போல் வழவழப்பானதும் ஓராண்டு எடுத்துக்கொள்ளலாம். நறுக்கிப் போட்டால் காலம் பாதியாகும். நிரப்பியபின் கூண்டின் மட்டம் வாரத்துக்கு வாரம் இறங்கும். ஆகவே ஒரே கூண்டு பருவம் முழுவதும் திரும்பத்திரும்ப இலையை வாங்கிக்கொள்ளும். இடமில்லை என்ற பேச்சு எழும் இடங்களில் முதலில் நினைவில் கொள்ள வேண்டியது இது.

மக்கவைக்காமலே பயன்படுத்தும் வழி மூடாக்கு. தமிழ்நாட்டு இயற்கை வேளாண்மையில் கோ. நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராகப் போய் வலியுறுத்தியதும் இதையே: மண்ணை வெயிலுக்கு அம்மணமாக விடாதே. பாத்தியிலும் மரத்தடியிலும் நான்கு விரல் தடிமனுக்குச் சருகு பரப்பினால் மண்ணின் சூடு தணிகிறது, ஆவியாதல் குறைகிறது, களை முளைப்பதில்லை, மண்புழு மேலே வருகிறது. அடிமரத்தை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும். ஈரச்சருகு பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பட்டை அழுகும்.

மேற்கு மகாராஷ்டிரம் காட்டிய வழி

இதற்கெல்லாம் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2016இல் புனேயைச் சேர்ந்த அதிதி தேவ்தர் 'பிரவுன் லீஃப்' என்ற முயற்சியைத் தொடங்கினார். அதன் அடிப்படை எளிமையானது: ஒரு சருகுகூட எரியக் கூடாது, இலை மிஞ்சியவரையும் இலை வேண்டியவரையும் இணைத்துவிட்டால் போதும். மாடித்தோட்டம் போட்டவர்களுக்கும் நகரோர விவசாயிகளுக்கும் சருகு தேவைப்பட்டது. குடியிருப்புகளில் அது மூட்டைமூட்டையாகக் கிடந்தது. கைபேசிக் குழுக்கள் இருதரப்பையும் சேர்த்துவைத்தன. கழிவு என்று நினைத்த ஒன்றைக் கேட்டு வாங்கிப்போக ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததுமே மக்களின் பார்வை மாறியது. இந்த முயற்சியின் பெரிய சாதனை அதுதான்.

அதற்கும் முந்தைய வேர் இதே மாநிலத்தில் இருக்கிறது. கோலாப்பூரைச் சேர்ந்த கணித ஆசிரியர் ஸ்ரீபாத் தாபோல்கர் 'பிரயோக் பரிவார்' என்ற பெயரில் விவசாயிகளை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் குழுக்களாகத் திரட்டினார். இலைதழையிலிருந்து வளமான மண்ணை உருவாக்குவது அவருடைய ஆய்வின் மையம். அந்த வழியைப் பின்பற்றி 2000களின் தொடக்கத்தில் மும்பைத் துறைமுகத்தின் சமையற்கூட மொட்டைமாடியில் ப்ரீதி பாட்டீல் ஒரு தோட்டத்தை உருவாக்கினார். சமையற்கூடக் கழிவும் உலர்ந்த இலையும் அங்கே மண்ணாகிக் காய்கனி தந்தன. கான்கிரீட் மாடியிலேயே நடந்தது, வேர் பிடிக்க மண் உள்ள வளாகத்தில் நடக்காது என்று சொல்ல இடமில்லை.

புனேயின் இன்னொரு பலம் ஸ்வச் கூட்டுறவு. 1993இல் உருவான குப்பை பொறுக்குவோர் தொழிற்சங்கத்திலிருந்து வளர்ந்து, வாசல்தோறும் கழிவு சேகரிக்கும் அமைப்பாக 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆனால் அவர்களின் வண்டி வீட்டுக் கழிவுக்கானது. மரக்கிளையும் இலைமூட்டையும் சுமப்பதற்கானதன்று. தோட்டக்கழிவை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது. நகரத்தின் குப்பையைப் பல்லாண்டுக் காலம் தாங்கிய உருளி தேவாச்சி, புர்சுங்கி ஊர்மக்கள் இனி தாங்க மாட்டோம் என்று திரும்பத்திரும்பப் போராடியதையும் மறந்துவிடக் கூடாது. நம் வாசலைத் தாண்டும் ஒவ்வொரு மூட்டையும் யாரோ ஒருவருடைய வாசலில் போய் இறங்குகிறது.

அயல்நாட்டு அனுபவம் ஒன்றிரண்டு பயன்படும். சிங்கப்பூரின் 'கார்டன்ஸ் பை த பே' தோட்டத்தில், நகரத்து மரங்களிலிருந்து வரும் கிளைகளை முறையான கொதிகலனில் எரித்து, கண்ணாடிக் கூடங்களைக் குளிர்விக்கும் ஆற்றலில் ஒரு பங்கைப் பெறுகிறார்கள். பெருநகர அளவில் திட்டமிட்டால் மரக்கழிவு எரிபொருளாகும். அது மாநகராட்சி யோசிக்க வேண்டியது. அமெரிக்காவில் இலையை ஊதித்தள்ளும் பெட்ரோல் எந்திரங்களின் இரைச்சலும் புகையும் தாங்காமல் வாஷிங்டன் நகரம் 2022 தொடக்கத்திலிருந்து அவற்றைத் தடைசெய்தது. இப்போது அந்த எந்திரங்களை நம் சங்கங்களிடம் விற்க வருகிறார்கள். ஊதுவதால் இலை இடம் மாறும், தீராது. கூடவே மேல்மண்ணின் புழுதியும் எழும்பும்.

கிளையும் தண்டும்

இலையைவிடச் சிக்கலானது கிளை. தூங்குமூஞ்சி, குல்மொகர் ஆகியவற்றின் கிளைகள் எடை மிகுந்தவை, எளிதில் முறிபவை. மழைக்கு முன் காய்ந்த கிளைகளையும் கட்டடத்தின் மேல் சாய்ந்தவற்றையும் அனுமதி பெற்றுக் கழிப்பது அவசியம். ஆனால் உச்சியை வெட்டி மொட்டையடிப்பது கழிப்பதாகாது. வெட்டிய இடத்தில் கொத்தாகக் கிளைக்கும் புதுத்தளிர்கள் பிடிப்பில்லாதவை. சில ஆண்டுகளில் அவையே முறிந்து விழும். ஒரு பக்கம் மட்டும் கழித்தால் மரத்தின் எடை மறுபக்கம் சாயும்.

மரம் சாய்வதற்கு வேரடிக் கான்கிரீட்டும் காரணம். அடிமரம் வரை டைல்ஸ் பதித்தால் நீரும் காற்றும் வேருக்குப் போகாது. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரை உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. இதே அளவுகோலைக் கடக்வாஸ்லா சங்கங்களும் தாமாக ஏற்கலாம். அப்படித் திறக்கும் ஒரு மீட்டர் வட்டமே சருகுக்கு முதல் இடம்.

விழுந்த கிளையில் விரல் தடிமன் உள்ளவற்றை நறுக்கும் எந்திரத்தில் இட்டால் நல்ல மூடாக்குச் சீவல் கிடைக்கும். ஒரு சங்கம் தனியாக எந்திரம் வாங்குவதைவிட, அக்கம்பக்கச் சங்கங்கள் சேர்ந்து வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ சிக்கனம். இதைவிடத் தடித்த கட்டைகளை மாநகராட்சித் தோட்டத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, தெருவோரம் குவிந்த கிளைகளை அகற்றவே நகரம் திணறியது. நறுக்கவும் வாங்கிக்கொள்ளவும் முன்கூட்டியே இடம் ஒதுக்காத நகரம் எதுவானாலும் இப்படித்தான் திணறும்.

எதிர்ப்புகளும் அவற்றின் எடையும்

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழும் ஆட்சேபங்களை அலட்சியப்படுத்தக் கூடாது. அவற்றில் சில நியாயமானவை. குன்றுகளை ஒட்டிய வளாகங்களில் பாம்பு வரும் என்ற அச்சம் உண்மையானது. கண்ணாடி விரியன் போன்றவை சருகில் நிறம் தெரியாமல் படுத்திருக்கும். ஆகவே குழந்தைகள் விளையாடும் இடம், நடைபாதை, வீட்டுவாசல் ஆகியவற்றில் இலை தங்கக் கூடாது. கூண்டுகள் ஒதுக்குப்புறமாக, வெளிச்சம் படும் இடத்தில் இருக்க வேண்டும். துப்புரவாளருக்குக் கையுறையும் முழங்கால்வரை காலணியும் நீண்ட கைப்பிடியுள்ள வாரியும் தருவது சங்கத்தின் கடமை.

தீயைப் பற்றிய அச்சமும் சரியானதே. பங்குனி வெயிலில் காய்ந்த குவியலுக்கு ஒரு சிகரெட் துண்டு போதும். மின்மாற்றி, ஜெனரேட்டர், வாகன நிறுத்தம் ஆகியவற்றிலிருந்து கூண்டுகள் தள்ளியிருக்க வேண்டும். உள்ளே ஈரம் காயக் கூடாது. ஈரமாக மக்கிக்கொண்டிருக்கும் குவியல் எளிதில் பற்றாது. மூட்டை கட்டி மூலையில் அடுக்கிய உலர்சருகுதான் ஆபத்து. கொசு வரும் என்பது அரைகுறை உண்மை. டெங்கு பரப்பும் கொசு சருகில் முட்டையிடுவதில்லை, தேங்கிய நீரில் இடுகிறது. மொட்டைமாடி வடிகுழாயிலும் மழைநீர்க் கால்வாயிலும் இலை அடைத்து நீர் தேங்கும்போதுதான் தொல்லை. ஆகவே எங்கே இலையை விடுவது என்பதைப் போலவே எங்கே ஓர் இலையும் விடக் கூடாது என்பதும் பராமரிப்பின் பகுதி. மழைக்கு முன் வடிகால்களைச் சுத்தம் செய்வதில் சமரசம் கூடாது. இப்பகுதி ஓடைகள் முட்டா ஆற்றில்தான் கலக்கின்றன.

அழகு கெடும் என்ற ஆட்சேபத்துக்கு மட்டும் உடன்பட முடியவில்லை. பச்சைக் கம்பளம் விரித்த புல்தரையும் ஓர் இலைகூட இல்லாத தரையுமே அழகு என்ற எண்ணம், ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நாடுகளிலிருந்து வந்தது. எட்டு மாதம் மழை காணாத மண்ணுக்கு அது ஒவ்வாது.

கணக்கும் ஒப்பந்தமும்

500 சதுர மீட்டர் புல்தரைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீர் பாய்ச்சினால் 2,500 லிட்டர் ஆகிறது. நான்கு நாளைக்கு ஒரு 10,000 லிட்டர் டேங்கர். அணையின் நிழலிலேயே இருந்தும் கோடையில் டேங்கரை நம்பும் குடியிருப்புகள் இங்கே உண்டு. அந்தப் புல்தரையில் பாதியைச் சருகு மூடிய மரத்தோட்டமாகவும் புதர்ப்பாத்தியாகவும் மாற்றினால் தண்ணீர்ச் செலவு வெகுவாகக் குறையும். ஒரே சங்கம் இலையை அகற்ற ஒரு தொகை, உரம் வாங்க ஒரு தொகை, காய்ந்த மண்ணை நனைக்க ஒரு தொகை என்று மூன்று முறை செலவழிக்கிறது. மூன்றையும் குறைக்கும் பொருள் மரத்திலிருந்து இலவசமாக விழுகிறது. மகாராஷ்டிரத்தின் மாதிரித் துணைவிதிகளின்படி சேவைக் கட்டணம் எல்லா வீடுகளுக்கும் சமமாகப் பகிரப்படுவதால், பத்தாம் மாடியில் இருப்பவரும் இந்த வீண்செலவில் பங்கு தருகிறார். உரக்கூடம் முறையாக இயங்கினால் புனே மாநகராட்சி சொத்து வரியில் சலுகையும் தருகிறது.

அப்படியிருந்தும் ஏன் மாறவில்லை? பராமரிப்பு ஒப்பந்தங்கள் 'தூய்மையாக வைத்திருத்தல்' என்ற ஒற்றை வரியில் எழுதப்படுகின்றன. இலை எங்கே போக வேண்டும் என்று அதில் இல்லை. கூட்டுவதற்குச் சம்பளம் உண்டு; மக்கவைப்பதற்கு இல்லை. தோட்டக்காரரான மாலி ஓர் ஏஜென்சியின் ஆள், துப்புரவாளர் வேறோர் ஏஜென்சியின் ஆள். ஒருவர் கூட்டிய இலையை மற்றவர் பாத்தியில் போட யாரும் சொல்வதில்லை. இந்த இரு வேலைகளையும் ஒப்பந்தத்தில் இணைத்தால் போதும்.

காலமும் கூடிவருகிறது. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைச் செப்டம்பர் 30க்குள் நடத்தியாக வேண்டும். இலையுதிர்வு தொடங்க அதன்பின் மூன்று மாதம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஐந்து தீர்மானங்கள் போதும். ஒன்று, வளாகத்துக்குள் எந்த நெருப்பும் கூடாது. காவலாளிகளுக்குச் சங்கம் கம்பளியும் வெந்நீர் வசதியும் தரும். இரண்டு, மார்கழிக்குள் கம்பிவலைக் கூண்டுகள் தயாராகும்; சமையலறை உரக்கூடத்துக்கு ஓராண்டுக்கு வேண்டிய சருகு உலர்வாகவும் பத்திரமாகவும் சேமிக்கப்படும். மூன்று, பாத்திகளுக்கும் மரவட்டங்களுக்கும் மூடாக்கு. வழிகளுக்கும் வடிகால்களுக்கும் தினசரிக் கூட்டல். நான்கு, சித்திரைக்குள் அனுமதியோடு கிளை கழிப்பும் வடிகால் சுத்தமும். ஐந்து, உரம் தயாரிக்கும் வேலை ஒப்பந்தத்தில் தனியாக எழுதப்பட்டு, செய்பவருக்கு அதற்கென்று கூலி. இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சும் இலையை வேண்டியவர் வந்து வாங்கிப்போகட்டும்.

மாநகராட்சியின் பங்கு இதனால் குறைந்துவிடாது. 2021இல் சேர்ந்த ஊர்களுக்கு வட்டாரந்தோறும் கிளை நறுக்கும் நிலையமும், மழைக்காலத்தில் விழுந்த மரத்தை எடுக்கும் வண்டியும் வேண்டும். கிளை கழிப்பு அனுமதி மழை தொடங்குமுன் கையில் கிடைக்க வேண்டும். எரிப்பவருக்குத் தண்டம் விதிக்கும் அதிகாரி, கூலித் தொழிலாளியின் பெயரில் எழுதாமல் சங்கத்தின் பெயரில் ரசீதை எழுத வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறும் தகுதி, தன் வளாகத்து இலையைத் தானே பார்த்துக்கொள்ளும் சங்கத்துக்குத்தான் முழுமையாக உண்டு.

தமிழ் வாசகர்களில் பலர் புனேயிலோ சென்னையிலோ கோவையிலோ இத்தகைய ஒரு சங்கத்தின் உறுப்பினராக இருப்பீர்கள். அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போகும்போது பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இலையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லாவிட்டால், அந்த வரியை எழுதும்படி தீர்மானம் கொண்டுவாருங்கள்.